இடது பக்கம் நிற்பவர்

திருகோணமலை
14.01.2024

தங்கச்சி சுபைதாவுக்கு,

ஸலாம். உனக்கும், உன்ட மாப்பிள்ளைக்கும், என்னக் கண்டா முட்ட வாற உன்ட ஆட்டுக்கும் சேர்த்துத்தான். நான் சுகம். முழங்கால் மட்டும் என்னோட கோவம், மாடிப்படியக் கண்டா நிண்டு யோசிக்கும். நீ எப்பிடி? சீனி கூடிச்சா குறைஞ்சதா? உன்ட மாப்பிள்ளை, என்ட மச்சான் ஸெய்னுதீன் இன்னும் தலைக்கு மை பூசுறாரோ? எழுபத்திரண்டு வயசில ஆருக்குக் காட்டப் போறார் எண்டு கேட்டுச் சொல்லு.

போனில கதைக்க எனக்கு ஏலாது. வலது காது கடற்படைக்காரன்ட பீரங்கிச் சத்தத்தோட போன. இடது காது சின்ன வயசிலயே உன்ட வாயோட போன. அதால கடுதாசி. அஞ்சாம் வகுப்பு எழுத்து, பிழை இரிந்தா நீயே திருத்து, பத்தாம் வகுப்புக்காரி.

விசயம் இதான். உன்ட காக்கா இப்ப பெரிய ஆள். நிரோஜினி எண்டு ஒரு பிள்ளை, கம்பஸ் படிக்கிறவ, வீட்ட வந்து என்னக் கதிரையில இருத்தி, போனால படம் பிடிச்சு ஊர் முழுக்கப் பரப்பிட்டா. ‘யுத்தத்தில கடற்படையோட போன கமராக்காரர்’ எண்டு பேராம். பதினெட்டு வருஷக் கதையும் சொன்னன். கமராவ ரெண்டு பொலித்தீன் பேக்கில சுத்திக்கொண்டு காங்கேசன்துறைக் கப்பலில போனது, கப்பல் ஆடி கப்டன்ட சப்பாத்தில சத்தி எடுத்தது, குண்டு பட்ட படகில மனிசர எடுக்கிறதா கமராவ எடுக்கிறதா எண்டு நிண்டது, எல்லாம். மாப்பிள்ளைமாரையும் பிடிச்சன், செத்துக் கிடந்த மையத்தையும் பிடிச்சன், ரெண்டு பேரும் சிரிக்கல்ல எண்டன். அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சா.

ஒண்டு விட்டுப் போச்சு. இக்ராம்ட தேத்தண்ணிக் கடைக்கு ஆரோ ஒரு பொம்புள போன் எடுத்து என்ட விலாசம் கேட்டாளாம். குடுத்திட்டான். பேர் கேக்கல்லயாம், மடையன். கலியாணம் பேசத்தான் தேடுறாள் போல. ஆனா ரெண்டு நாளா நான் பகல்லயும் முன்கதவு பூட்டுறன். களவருக்குப் பயந்து எண்டு வச்சுக்கொள்.

எல்லாருக்கும் துஆவோட,
காக்கா அபூதாஹிர்


கந்தளாய்
22.01.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் சுகம். எனக்குச் சீனி கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. அவருக்கு நெஞ்சுக்கு இரண்டு குளிசை கூட்டியிருக்கிறார்கள். அவர் முற்றத்தில் நெல் காயப் போடுகிறார். நான் பக்கத்து வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன்.

அந்த வீடியோவை மகளின் போனில் பார்த்தேன். உங்களுக்கு விளையாட்டு. நான் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் படத்தை அந்தப் பிள்ளைக்குக் காட்டினீர்களா? எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். துறைமுக ஜெட்டியில் மூன்று பேர் நிற்கிற படம்.

விலாசம் கேட்ட பொம்பிளை யார்? விசாரித்து உடனே எழுதுங்கள். உங்கள் கடிதங்களை அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். முழங்காலுக்கு அந்த எண்ணெய் பூசுங்கள். ஆட்டைப் பற்றிக் கதைத்தது போதும்.

தங்கச்சி சுபைதா


திருகோணமலை
02.02.2024

சுபைதா,

ஸலாம். நான் சுகமா இல்லையா எண்டு நீ கேக்காத, நானும் சொல்லல்ல.

அந்தப் படத்தக் காட்டல்ல. சத்தியமா. கப்பல் படமும் அணிவகுப்புப் படமும்தான் காட்டின.

ஆனா புத்தளத்தில இரிந்து ஒரு கடுதாசி வந்திரிக்கு. பின் பக்கத்தில பேரக் கண்டிட்டு ரெண்டு நாள் திறக்காம மேசையில வச்சிரிந்தன். சாப்பிடக்கொள்ள அதுவும் என்னப் பாத்துக்கொண்டிரிந்த. மூண்டாம் நாள் திறந்தன். இதுக்குள்ள அதையும் வச்சிரிக்கன். கதவச் சாத்திட்டுப் படி.

மச்சானுக்குக் குளிசையத் தவறாமக் குடு.

காக்கா


புத்தளம்
27.01.2024

மதிப்புக்குரிய அபூதாஹிர் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

நான் பஸ்மியா. கிண்ணியா மீனவர் சங்கத்தில் செயலாளராக இருந்த ஜவ்பருடைய மகள். 1996ஆம் ஆண்டு, சங்கத்து வாசலில் வைத்து என் வாப்பாவை இரண்டு பேர் சுட்டார்கள். எனக்கு அப்போது நான்கு வயது. வந்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. கையில் பேப்பர்த் துண்டு ஒன்றை வைத்து, வாப்பாவின் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் சுட்டார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊரில் சிலர் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று கதைத்தார்கள். அந்தக் கதை தாங்க ஏலாமல்தான் உம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு புத்தளம் வந்தா.

போன மாதம் உம்மா மௌத்தாகிவிட்டா. அவவின் அலுமாரியில் அந்த நாள் பேப்பரில் வந்த படம் ஒன்று இருந்தது. நடுவில் ஒரு கடற்படை அதிகாரி. கீழே இப்படி இருக்கிறது: ‘கவிழ்ந்த படகிலிருந்து நான்கு கடற்படையினரைக் காப்பாற்றியவர் வலது பக்கம் நிற்கிறார். மொழிபெயர்த்து உதவியவர் இடது பக்கம் நிற்கிறார். படம்: அபூதாஹிர்.’

வலது பக்கம் நிற்பது என் வாப்பா. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாப்பாவை நினைத்து நிமிர்ந்து இருந்தேன். அவர் யாரையும் காட்டிக்கொடுத்தவர் இல்லை, நான்கு உயிரைக் காப்பாற்றியவர். என் பிள்ளைகள் இருவருக்கும் தம்பிமாருக்கும் காட்டினேன். ஒரு விசயம் மட்டும் மனதைக் குடைகிறது. வாப்பா பாதைப் படகில் ஆற்றைக் கடக்கவே கண்ணை மூடிக்கொள்வார் என்று உம்மா சொல்லுவா. அப்படிப்பட்டவர் எப்படிக் கடலில் இறங்கினார்?

வீடியோவில் உங்களைக் கண்டதும், உங்கள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போன் எடுத்து விலாசம் கேட்டது நான்தான். அந்தப் படத்தின் பிரதி ஒன்று வேண்டும். பின்னால், யார் எந்தப் பக்கம், யார் என்ன செய்தார் என்று உங்கள் கையால் எழுதி, ஒப்பம் வைத்துத் தாருங்கள். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் மாட்டப் போகிறோம்.

இப்படிக்கு,
பஸ்மியா


கந்தளாய்
11.02.2024

காக்கா,

ஸலாம். வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். அடுப்பில் வைத்துவிட்டேன்.

அவள் கேட்டபடியே எழுதிக் கொடுங்கள். பேப்பரில் இருக்கிறபடி, காப்பாற்றியவர் வலது பக்கம் என்றே எழுதி ஒப்பம் வையுங்கள். அவளுக்கும் அது நல்லதுதானே? வாப்பாவை நினைத்துச் சந்தோசப்படுகிறாள். அதைப் பறித்து என்ன செய்யப் போகிறோம்?

கடலில் இறங்கியது என் மாப்பிள்ளை என்று தெரிந்தால் அவளுடைய தம்பிமார் என்ன நினைப்பார்கள்? இவருக்காகத்தானே எங்கள் வாப்பா போனார் என்று வந்து நிற்க மாட்டார்களா? கடற்படைக்காரரைக் காப்பாற்றியவனைத் தேடி வந்து சுட்டவர்களும் பிடிபடவில்லை. எங்கே இருக்கிறார்கள், எந்தக் கடையில் எங்களுக்குப் பக்கத்தில் நின்று சாமான் வாங்குகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கிண்ணியாவை விட்டுக் கந்தளாய்க்கு வந்தும் இருபத்தெட்டு வருடமாக நான் முன்வாசலில் கதிரை போட்டு இருந்ததில்லை.

நீங்கள் அன்று எனக்காகச் செய்ததை நான் மறக்கவில்லை. அதைப் பற்றி நாம் ஒருநாளும் கதைத்ததில்லை. இனியும் வேண்டாம். ஐந்து நேரத் தொழுகையிலும் உங்களுக்கு துஆ கேட்கிறேன்.

எழுதிவிட்டேன் என்று ஒரு வரி போடுங்கள். முழங்கால் எப்படி?

சுபைதா


கந்தளாய்
16.03.2024

காக்கா,

ஒரு மாதம் தாண்டிவிட்டது. நோன்பும் தொடங்கிவிட்டது. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. சுகமில்லையா? இக்ராமின் கடைக்குப் போன் எடுத்தேன், ‘ஆள் நடந்து திரியுது, கதைதான் இல்ல’ என்றான். நீங்கள் கதைக்காமல் திரிகிறீர்கள் என்று கேட்டதும் எனக்கு இன்னும் பயம் கூடியது.

முந்தநாள் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றது. இரண்டு பேர். அவர் வெளியே போகப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினேன். கடைசியில் அவர்கள் நெல் விலை கேட்க வந்தவர்கள். ‘உனக்கென்ன விசரா?’ என்று அவர் ஏசினார். என்ன சொல்ல? அவருக்கு ஒன்றும் தெரியாது. பேப்பர்க்காரன் பிழையாகப் போட்டதால் ஜவ்பர் செத்தார் என்றுதான் இன்னும் நினைத்திருக்கிறார்.

எழுதிக் கொடுத்தீர்களா?

சுபைதா


திருகோணமலை
21.03.2024

சுபைதாவுக்கு ஸலாம்.

நோன்பு நல்லாப் போகுதா? எனக்கு நோன்பு லேசு. இந்த நாளையில பசியே வாறல்ல.

படத்தத் தேடி எடுத்தன். கறையான் மிச்சம் வச்சிரிந்த. இருட்டறைச் சாமானெல்லாம் எப்பயோ வித்தாச்சு, டவுனில கொம்பியூட்டர் கடையில குடுத்து ரெண்டு பிரதி எடுத்தன். கடைக்காரன், ‘இதில ஆர் மாமா உங்கட ஆள்?’ எண்டு கேட்டான். நான் காசக் குடுத்திட்டு மிச்சம் வாங்காம வந்திட்டன்.

ஒரு பிரதிக்குப் பின்னால நீ சொன்னபடி எழுதின. மத்ததுக்குப் பின்னால சரியானத எழுதின. ரெண்டும் மேசையில கிடக்கு. ஒப்பம் ரெண்டிலயும் வைக்கல்ல. பேனையத் தூக்குறன், மூடிட்டு வைக்கிறன். ஷெல் விழக்கொள்ள கமராவ ஆடாமப் பிடிச்ச கை இது.

ரோட்டில ஓட்டோ நிண்டா எழும்பி யன்னலால பாக்கன். கூப்பிட்டாக் கேக்காத செவிடனுக்கு ஓட்டோச் சத்தம் மட்டும் எப்பிடிக் கேக்குது எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

உன்ட துஆவக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வை. ஏன் எண்டு பிறகு சொல்றன்.

காக்கா


திருகோணமலை
04.04.2024

தங்கச்சி,

ஸலாம். இருந்துகொண்டு படி. தண்ணி பக்கத்தில வச்சுக்கொள், நோன்பு திறந்த பிறகு படி.

நேத்து அஸர் தொழுதிட்டு வாறன், முத்தத்தில ஒரு பொம்புள நிக்கா. கறுப்பு அபாயா, தோளில பேக். கண்டதும் விளங்கிட்டு. ஜவ்பர்ட மூக்கு. ஆம்பிளைக்கு எடுப்பா இரிந்த மூக்கு, அவளுக்குக் கொஞ்சம் அநியாயம்தான்.

‘மாமா, நான் பஸ்மியா’ எண்டிரிப்பா. எனக்குக் கேக்கல்ல. திரும்பக் கத்தினா. பக்கத்து வேலியில ரெண்டு தலை எழும்பின. ‘வாப்பாட படம் கேட்டு எழுதினனே!’ எண்டு இன்னும் சத்தமாக் கத்தினா. இருபத்தெட்டு வருஷமா வாய்க்குள்ள வச்சிரிந்தத, என்ட காதுக்காக ஊருக்கே கேக்கக் கத்தப் போறாளே எண்டு பயந்து, ‘கத்தாத மகள், உள்ளுக்கு வா, எழுது’ எண்டு கொப்பியையும் பேனையையும் குடுத்தன்.

வாத்தியார்ப் பிள்ளை, வடிவான எழுத்து. முதல் எழுதினது, ‘வாப்பா எந்தப் பக்கம்?’

‘வலது’ எண்டன்.

‘அப்ப காப்பாத்தினது வாப்பாதானே?’

மேசையில ரெண்டு பிரதியும் கவிண்டு கிடக்கு. நீ சொன்னதுதான் கையில வந்த. ஓம் எண்டு ஒரு சொல்லு, அவ சந்தோசமாப் போயிரிப்பா, நீயும் நிம்மதியாப் படுத்திரிப்ப. வாயத் திறந்தன். ‘இல்ல’ எண்டுதான் வந்த. அவட மூக்கப் பாத்துக்கொண்டு எனக்குப் பொய் சொல்ல ஏலாமப் போச்சு.

பிறகு எல்லாம் சொன்னன். உனக்கும் இப்பதான் சொல்றன், கேள்.

அந்த நாளையில நான் பேப்பருக்குக் குடுக்கிற படத்தில ஊர் ஆக்கள்ட பேர் எழுதுறல்ல. பேர் போனா வீடு தேடி வருவாங்கள். அதால இடது, வலது, அவ்வளவுதான். கெட்டித்தனம் எண்டு நினைச்சன். மச்சான் கடலில பாய்ஞ்சு நாலு பேர எடுத்தது. சிங்களம் தெரிஞ்ச ஜவ்பர் ரெண்டு பாஷையிலயும் கதை மாத்திச் சொல்ல வந்தது. ரெண்டு பேருக்கும் நடுவில அதிகாரி. படம் பிடிச்சன். பின்னேரக் கொழும்பு பஸ்ஸில கொண்டக்டர்ட கையில குடுத்தாத்தான் அடுத்த நாள் பேப்பர். பிலிம் காயக்கொள்ளயே தூக்கிப் பிடிச்சுப் பாத்து, படத்துக்குக் கீழ போடுற துண்ட எழுதிட்டன். பிலிமுக்கு மினுங்குற பக்கம் ஒண்டு, மங்கல் பக்கம் ஒண்டு. மங்கல் பக்கத்தால பாத்தா இடது வலதாத் தெரியும். அவசரத்தில மங்கல் பக்கத்தால பாத்திட்டன்.

பஸ் ஸ்டாண்டில வச்சுத்தான் படத்துக்குப் பின்னால துண்ட ஒட்டினன். அப்ப கண்டன். மாறிக் கிடக்கு.

அவ கொப்பியில புதுப் பக்கம் பிரட்டினா. பிறகு எழுதினா: ‘பிழை எண்டு கண்ட பிறகு எவ்வளவு நேரம் கையில வச்சிருந்தீங்க?’

‘பஸ் ரெண்டு தரம் ஹோர்ன் அடிச்ச, மகள். முதல் ஹோர்னில கண்டன். ரெண்டாவது ஹோர்னில குடுத்தன்.’

சுபைதா, நீ நினைச்சிட்டிரிக்கிற, உன்ட மாப்பிள்ளையக் காப்பாத்தத்தான் காக்கா வேணுமெண்டு மாத்தினான் எண்டு. நான் மாத்தல்ல. மாறினத விட்டன். அந்த நேரம் உன்ட முகம் ஞாபகம் வந்ததா எண்டு எத்தனையோ தரம் யோசிச்சுப் பாத்திட்டன். வந்த மாதிரியும் இரிக்கு, வராத மாதிரியும் இரிக்கு. ஜவ்பர் உத்தியோகக்காரன், அவனத் தொட மாட்டாங்கள் எண்டு நினைச்ச மாதிரியும் இரிக்கு. நல்லா ஞாபகம் இரிக்கிறது ரெண்டுதான். பஸ் போயிரும் எண்ட பயம். பிறகு, கொழும்புப் பேப்பரில முதல் தரமா என்ட பேர் வரப் போகுது எண்ட ஆசை. எட்டாம் நாள் ஜவ்பர் மௌத்து. நீ என்ட கையப் பிடிச்சு அழுத, ஒண்டும் கேக்கல்ல. காக்கா நல்லவன் எண்டு நீ நினைச்சா நினை எண்டு நானும் இரிந்திட்டன்.

அவ கடைசியா எழுதினது: ‘இடது பக்கம் நிக்கிறவர் உயிரோட இருக்காரா?’

‘என்ட தங்கச்சிட மாப்பிள்ளை. ஸெய்னுதீன். கந்தளாயில இரிக்கார்’ எண்டன்.

சரியா எழுதின பிரதிய எடுத்து அவட முன்னுக்கு ஒப்பம் வச்சுக் குடுத்தன். பாங்கு சொல்லக் கிட்ட, ‘நோன்பு திறந்திட்டுப் போ மகள்’ எண்டன். நிக்கல்ல. ஒரு பேரீச்சம்பழம் நீட்டினன். வாங்கினா. திண்டத நான் காணல்ல.

எப்ப வருவா, ஆரோட வருவா, தெரியாது. மச்சானிட்ட நீ முந்திச் சொல்லு.

அபூதாஹிர்


கந்தளாய்
09.04.2024

அவரிடம் சொல்லிவிட்டேன். எங்களைக் கேட்காமல் எங்கள் வாசலைக் காட்டிக் கொடுத்துவிட்டீர்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

சுபைதா


திருகோணமலை
20.04.2024

சுபைதா,

எழுதாத எண்டா எழுதாம இரிக்க நான் என்ன உன்ட மாப்பிள்ளையா, உன்ட சொல்லுக் கேக்க?

பெருநாள் ஸலாம். இங்க பெருநாள் சும்மா போன. இக்ராம் வட்டிலப்பம் கொண்டு வந்தான். முழுக்க நானே திண்டன். சீனி கூடினா நீ வந்து ஏசுவ எண்ட ஆசையில.

ஒரு விசயம் மட்டும் எழுது. நீங்க ரெண்டு பேரும் உயிரோட இரிக்கீங்களா? போனுக்குக் கேக்க ஏலாத காதோட நான் ஒவ்வொரு நாளும் தபால்காரன்ட சைக்கிளப் பாத்துக்கொண்டு நிக்கன். வேற ஒண்டும் எழுதாட்டியும் பரவாயில்ல.

காக்கா


கந்தளாய்
28.04.2024

காக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு பஸ்மியா வந்தாள். கூட அவளுடைய மாப்பிள்ளையும் ஒரு தம்பியும். வான் வண்டியில் இருந்து அந்தத் தம்பி இறங்கியதைக் கண்டதும் நான் குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவரைத் தனியாக விட்டுவிட்டு ஓடினேன் என்று பிறகுதான் நினைவு வந்தது.

அவர் ஓடவில்லை. கதிரைகளை வெளியே எடுத்து வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இவர் மன்னிப்புக் கேட்பார், அவள் சாபம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் முதலில் கேட்டது, ‘அந்த நாலு பேரும் இப்ப இருக்காங்களா?’

‘மூணு பேரப் பத்தித் தெரியா மகள்’ என்றார் இவர். ‘ஒராள் குருநாகல்ல. ஆக இளையவன் அவன்தான், அண்டைக்குப் பத்தொன்பது வயசு. வருஷத்தில ஒருக்காப் போன் எடுப்பான். இப்ப பேரப்பிள்ளையும் கண்டிட்டான்.’

‘அவருக்கு என்ட வாப்பாட பேர் தெரியுமா?’

‘இல்ல மகள்.’

‘ஏன் சொல்லல்ல?’

பதிலுக்கு நிற்காமல் அவளே சொன்னாள், ‘எனக்கு முன்னால எடுத்துச் சொல்லுங்க.’

இவர் போன் எடுத்தார். உங்களுக்குத் தெரியும், இவருடைய சிங்களம் சந்தைச் சிங்களம். அன்று ஜெட்டியில் நமக்காகக் கதை மாற்றிச் சொன்ன மனிசனைப் பற்றி, அவன் எப்படிச் செத்தான் என்று, தட்டித் தடவிச் சொல்லிக்கொண்டு போனார். பேர் என்ன என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். இவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். அந்தத் தம்பி எழும்பி இவருடைய கையிலிருந்து போனை வாங்கி, ‘ஜவ்பர்’ என்றான். பிறகு இன்னும் ஒரு தரம், எழுத்தெழுத்தாக.

தேத்தண்ணி கொண்டு போக எனக்கு அப்போதுதான் கால் வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள். போகும்போது அவள் என் கையை மட்டும் பிடித்தாள். நல்ல குளிர்ந்த கை. அவளும் பயந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

இவர் இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டாராம். அதை உங்களுக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

நான் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் மாப்பிள்ளையை எனக்கு மிச்சம் வைத்த காக்காவுக்கு நல்லதைக் கொடு என்று இருபத்தெட்டு வருடம் கேட்டவள் நான். நேற்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு துஆவுக்குக் கை ஏந்தினேன். பழக்கத்தில் உங்கள் பேர் வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன கேட்பதென்று தெரியாமல், ஏந்திய கையோடு இரவு இஷாத் தொழுகை வரைக்கும் இருந்தேன்.

வட்டிலப்பம் திண்டது போதும்.

சுபைதா